பிரெஞ்சுக் கிராமங்களுக்கு முதல் மிதிவண்டிப் பயணம்: லுவாரா, மிடி கால்வாயா, தொர்தோஞ்சா, தென் பர்கண்டியா?

பிரான்சின் கிராமப்புறத்தை மிதிவண்டியில் சுற்றிப் பார்ப்பதென்று தீர்மானித்துவிட்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் பகுதிக்குப் போவது என்பதைத்தான். விடுப்பு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும். நாளொன்றுக்கு 40 அல்லது 50 கி.மீ. மிதிக்கலாம், அதற்குமேல் இயலாது. பழைய ஊர்களைப் பார்க்க ஆசை, தூரத்தைக் கடந்து கணக்குக் காட்டுவதில் ஆர்வமில்லை. அப்படிப்பட்ட ஒருவரை மனத்தில் வைத்து நான்கு பகுதிகளை இங்கே ஒப்பிடுகிறேன். லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கு, துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிச் செல்லும் மிடி கால்வாய், தென்மேற்கிலுள்ள தொர்தோஞ் ஆற்றுப் பகுதி, பர்கண்டியின் தென்பாதி ஆகியவையே அவை. நான்குமே அழகானவை என்பதால், அழகை அளவுகோலாகக் கொண்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

நான் பார்ப்பது வேறொன்று: பாதையிலிருந்து ஊருக்குள் எப்படி நுழைகிறோம் என்பது. பழைய பிரெஞ்சு ஊர்கள் காரணமில்லாமல் ஓரிடத்தில் அமைந்தவை அல்ல. பகைக்கு அஞ்சியவை பாறை உச்சியிலும், படகு வணிகத்தை நம்பியவை ஆற்றங்கரையிலும், மடாலயத்தைச் சார்ந்தவை நீர் கிடைக்கும் பள்ளத்தாக்கிலும் எழுந்தன. மகிழுந்தில் வருபவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பக்கப் பைகளில் பத்துப் பன்னிரண்டு கிலோவைச் சுமந்துகொண்டு மிதிப்பவருக்கோ, நாள் முழுவதும் எப்படிக் கழிகிறது என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

முதலில் லுவார். இந்த வழியைத்தான் பெரும்பாலோர் பரிந்துரைக்கிறார்கள், அதற்குத் தக்க காரணமும் உண்டு. நெவேர் நகருக்கு அருகிலுள்ள கூஃபியில் தொடங்கி அட்லாண்டிக் கரையிலுள்ள சென்-பிரெவான் வரை சுமார் 900 கி.மீ. நீளத்துக்கு வழிகாட்டிப் பலகைகளோடு அமைந்த பாதை இது. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை செல்லும் யூரோவேலோ 6 என்ற நெடும்பாதையின் பகுதியும்கூட. சுல்லி-சூர்-லுவாருக்கும் ஷாலோன்-சூர்-லுவாருக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பாதை பெரும்பாலும் சமதளம். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரைமேட்டின்மேல் நெடுந்தூரம் செல்வதால், ஒரு பக்கம் மணல்திட்டுகளோடு விரிந்து கிடக்கும் ஆறும் மறுபக்கம் தாழ்வான வயல்களும் கூடவே வந்துகொண்டிருக்கும்.

முழு நீளத்தையும் ஒரு வாரத்தில் முடிக்க முயல்வது வீண். புளுவாவில் தொடங்கி சோமூரில் முடித்தால், சுற்றுவழிகளைச் சேர்த்தும் ஆறேழு நாளில் நிதானமாகப் போகலாம். 1519-இல் முதலாம் பிரான்சுவா மன்னன் கட்டத் தொடங்கிய ஷாம்போர் கோட்டை புளுவாவிலிருந்து அரைநாள் தூரம். அதே ஆண்டில் லியோனார்தோ தா வின்சி இறந்த ஆம்புவாஸ் ஊர் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஷெனொன்சோ மாளிகையைப் பார்க்க ஷேர் ஆற்றுப் பக்கமும், அசே-லெ-ரிதோ மாளிகையைப் பார்க்க ஆந்திர் ஆற்றுப் பக்கமும் விலகிச் செல்ல வேண்டும். என் கருத்தில் இந்த வழியின் குறையும் இங்கேதான் இருக்கிறது. மாளிகைகள் ஒவ்வொன்றும் அரைநாளையும் ஒரு நுழைவுச்சீட்டையும் கேட்கின்றன. நான்காவது மாளிகைக்குள் நுழையும்போது முதல் மாளிகையில் இருந்த வியப்பு மிச்சமிருப்பதில்லை. கிராமங்களுக்காகப் புறப்பட்டவர் அரசர்களின் படுக்கையறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஆனால் அதே பாதையில் சினோனைத் தாண்டிய பிறகு நிலைமை மாறுகிறது. வியென் ஆறு லுவாரோடு கலக்கும் இடத்தில் கான்த்-சென்-மார்த்தான் என்ற சிற்றூர் இருக்கிறது. தூர் நகரின் ஆயராக இருந்த புனித மார்ட்டின் 397-இல் இறந்தது இங்கேதான். அடுத்து மோன்சொரோ. அங்கிருந்து சோமூர் வரை, தூஃபோ எனப்படும் மெத்தென்ற வெண்சுண்ணாம்புக் கல்லை வெட்டியெடுத்த குடைவுகளையே வீடுகளாக்கி மக்கள் வாழ்ந்த ஊர்கள் வரிசையாக வருகின்றன. சூசே-ஷாம்பிஞி என்ற ஊரில் மிதிவண்டிப் பாதையே பாறைக்குள் நுழைந்துவிடுகிறது. வெயிலிலிருந்து உள்ளே போனதும் குளிர் முகத்தில் அடிக்கும். டயரின் ஓசை சுவரில் பட்டுத் திரும்பிவரும். இரு பக்கமும் பழைய வாசல்களும் சாளரக் குழிகளும் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கும். மேலே மேட்டுநிலத்துக்கு ஏறினால் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே மண்ணிலிருந்து புகைபோக்கிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். கீழே இருக்கும் வீடுகளின் அடுப்புப் புகைக்கு அவைதாம் வழி. மாளிகைகளுக்குக் கொண்டுபோன கல் இருந்த இடத்தில் எளியவர்கள் குடியேறியிருக்கிறார்கள் என்பதைப் புத்தகம் சொல்வதைவிட இந்தப் பத்து கி.மீ. தெளிவாகச் சொல்கிறது. லுவாரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாளிகைகளில் இரண்டைக் குறைத்துக்கொண்டு இந்தப் பகுதிக்கு ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும் என்பது என் வற்புறுத்தல்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசுகிறது. ஆற்றோடு போவதுதான் இயல்பு என்று நினைத்துக் கடலை நோக்கிப் போகிறவர்கள் எதிர்க்காற்றில் சிக்கிக்கொள்கிறார்கள். சோமூருக்கு ரயிலில் போய் அங்கிருந்து கிழக்கே புளுவாவை நோக்கி வருவது எளிது. ஆறு இறங்கும் சரிவு மிகச் சிறியது என்பதால் எதிர்த்திசையில் வருவதால் கூடுதல் சிரமம் எதுவும் தெரிவதில்லை.

மிடி கால்வாயைப் பற்றி எழுதும்போது, அதன்மேல் எனக்குள்ள மதிப்பையும் மிதிவண்டிக்காரருக்கு அது தரும் அனுபவத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உப்புவரி வசூலிப்பவராக இருந்த பியேர்-போல் ரிக்கே 1666-இல் பணியைத் தொடங்கி, 1681-இல் கால்வாய் திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் இறந்துபோனார். துலூஸிலிருந்து கடலோரத்துத் தோ காயல் வரை 240 கி.மீ. வழியின் மிக உயர்ந்த இடமான நோரூஸ் மேட்டில் கால்வாய்க்கு வேண்டிய நீரை எங்கிருந்து கொண்டுவருவது என்பதே அன்றைய பெரும் சிக்கல். கருமலைத் தொடரின் ஓடைகளைத் திருப்பி, சென்-ஃபெரியோல் ஏரியில் தேக்கி, வாய்க்கால் வெட்டி அங்கே கொண்டுவந்தார்கள். ஏரிப்பாசனத்தை அறிந்த தமிழருக்கு இந்த வேலையின் அருமை உடனே புரியும்.

ஆனால் பாதையின் தரம் சீராக இல்லை. துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. அளவுக்குத் தார் போட்ட நல்ல பாதை. அதன்பின் சரளையும் மண்ணும் வருகின்றன. சீரமைத்த இடங்கள் உண்டு என்றாலும், கார்க்கசோனுக்குக் கிழக்கே பல இடங்களில் ஒற்றையடித் தடமாகக் குறுகி, மரவேர்கள் குறுக்கே புடைத்துக்கொண்டு நிற்கின்றன. மெல்லிய டயர் கொண்ட வாடகை வண்டியில் போன எனக்கு ஒரே நாளில் இரண்டு பஞ்சர். நிழலும் முன்போல இல்லை. கரையில் நட்டிருந்த சுமார் 42,000 பிளேன் மரங்களைத் தாக்கிய பூஞ்சை நோய் 2006-இல் கண்டறியப்பட்டது. மருந்தில்லாத நோய் என்பதால் பல்லாயிரம் மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. புதிய கன்றுகள் வளர்ந்து வருகின்றன, ஆனால் ஜூலை வெயிலில் அவற்றின் நிழல் போதாது.

கிராமங்களைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான ஒரு விஷயம் உண்டு. கால்வாய் நிலத்தின் சமமட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து செல்கிறது. ஊர்களோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மேடுகளில் அமைந்துவிட்டவை. ஆகவே பெரும்பாலான ஊர்களைத் தொலைவில் மணிக்கூண்டாக மட்டுமே பார்த்துக்கொண்டு கடந்துபோக நேரும். கால்வாய்க்காகவே பிறந்த லெ சொமாய் போன்ற ஊர்கள் விதிவிலக்கு. பயணிப் படகுகள் இரவு தங்குவதற்கென்று எழுந்த விடுதி, கூன்முதுகுப் பாலம், சிறு தேவாலயம், பனிக்கட்டி சேமிக்கும் கட்டடம் எல்லாம் நீரின் விளிம்பிலேயே இருக்கின்றன. 52 கோபுரங்களைக் கொண்ட கார்க்கசோன் கோட்டையையும், பெசியேக்கு அருகே படகுகள் படிப்படியாக ஏறியிறங்கும் ஃபோன்செரான் மதகுத் தொட்டிகளையும் பார்க்கவேண்டுமென்ற ஆசை இருந்தால் இந்த வழி பொருத்தமானது. நீர்ப்பொறியியலில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இதற்கு நிகரான வேறொன்றை என்னால் சொல்ல முடியாது. கிராமங்களுக்காகப் போகிறவர்களை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

தொர்தோஞ் பகுதியின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே ஊர்கள்தாம் எல்லாம். 1982-இல் கொலோஞ்ஜ்-லா-ரூஜ் ஊரின் மேயர் ஷார்ல் செய்ராக் முன்னின்று ‘பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்’ என்ற சங்கத்தை நிறுவினார். மக்கள்தொகை 2,000-க்கு மேற்படாமலும், பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இரண்டேனும் இருந்தும் ஆக வேண்டும் என்பது அதில் சேர விதி. பெய்னாக், லா ரோக்-கஜாக், காஸ்தெல்னோ, தோம் ஆகிய நான்கு உறுப்பினர் ஊர்களும் ஒரே நாளில் பார்க்கக்கூடிய நெருக்கத்தில் இங்கே இருக்கின்றன. கிராமங்களை எண்ணிக்கையால் அளந்தால் போட்டி இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் நூற்றாண்டுப் போரில் ஆற்றின் ஒரு கரை பிரெஞ்சு அரசனையும் மறுகரை ஆங்கில அரசனையும் சார்ந்து நின்ற நிலம் இது. கோட்டைகள் பாறைமேல் ஏறி நிற்பதற்கு அதுவே காரணம். 1281-இல் நிறுவப்பட்ட தோம் ஊர் ஆற்றுக்கு நேர்மேலே சுமார் 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சார்லா பக்கத்தில் பழைய ரயில்தடத்தின்மேல் அமைந்த சமமான பாதை சுமார் 25 கி.மீ. கிடைக்கிறது, அதைவிட்டு இறங்கினால் குறுகலான சாலைகளும், ஜூலை ஆகஸ்டில் அவற்றை நிறைக்கும் மகிழுந்துகளும்தான். ரயில் நிலையங்கள் குறைவு, வண்டிகளும் அரிது. களைத்துப்போனால் தப்பிக்க வழி இல்லை. மின்கலத் துணையுள்ள மிதிவண்டியை வாடகைக்கு எடுத்து, சார்லாவில் ஒரே அறையில் தங்கி, பைகளை அறையில் வைத்துவிட்டு நாள்தோறும் ஒரு பக்கம் போய்வருவதானால் இது மிகச் சிறந்த இடம். ஊர் ஊராகச் சுமையோடு நகரும் பயணமாக, அதுவும் முதல் பயணமாக, இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனித் தென் பர்கண்டி. பேச்சில் இது பெரிதாக அடிபடுவதில்லை. பர்கண்டி என்றாலே மது என்று நினைத்து மது அருந்தாதவர்கள் ஒதுக்கிவிடுவதும் உண்டு. நானோ இதைத்தான் முதலில் வைக்கிறேன். போன் நகரில் 1443-இல் நிக்கோலா ரோலான் ஏழை நோயாளிகளுக்காக நிறுவிய மருத்துவமனையின் வண்ண ஓட்டுக்கூரையைப் பார்த்துவிட்டுத் தெற்கே புறப்பட்டால், பொம்மார், வோல்னே, மேர்சோ, புலிஞி-மொன்ராஷே என்று வரிசையாக ஊர்களுக்குள்ளேயே நுழைந்து வெளியேறி 22 கி.மீ. தூரத்தில் சாந்த்னே வரை செல்லும் திராட்சைத் தோட்டப் பாதை வரும். தோட்டவேலைக்கான வண்டித்தடம்தான் இது. வரிசைகளின் மேலே இருபுறமும் காலூன்றி நடப்பதுபோல் வரும் உயரமான டிராக்டருக்கு ஒதுங்கி வழிவிட்டு, அது தலைக்குமேல் மருந்து தெளிக்கும் குழாய்களை மடக்கிக்கொண்டு கடந்துபோவதைப் பார்த்துவிட்டு மறுபடி மிதிக்க வேண்டும். வாழ்ந்துகொண்டிருக்கும் ஊரின் வேலைநேரத்துக்குள் நாம் நுழைகிறோம் என்பதை வேறெந்தப் பாதையும் இவ்வளவு அருகிலிருந்து காட்டியதில்லை. கற்சுவர் எழுப்பிப் பிரித்த இந்தத் தோட்டத் துண்டுகள் 1,247-ஐயும் ஒவ்வொரு பெயரோடு யுனெஸ்கோ 2015-இல் மரபுரிமையாக ஏற்றது. நம் ஊரில் வயல் துண்டுக்குப் பெயர் வைத்து அழைத்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்க்கற்களைப் படிப்பதே தனிச் சுவை.

சாந்த்னேயிலிருந்து ஷன்யி வழியாகக் கால்வாய்க் கரையோடு ஷாலோன்-சூர்-சோன் வரலாம். அதன் மேற்கே ஜிவ்ரியில் தொடங்குகிறது 1997-இல் திறந்த பசும்பாதை. கைவிட்ட ரயில்தடத்தை மிதிவண்டிக்கும் நடைக்குமாக மாற்றிய இந்த வகைப் பாதைகளுக்குப் பிரான்சில் இதுவே முன்னோடி. குளூனி வரை 44 கி.மீ. நீராவி எஞ்சின்களால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், குன்றுகள் சூழ்ந்த நாட்டிலும் தடத்தை மிக மெல்லிய சரிவில் வெட்டியிருக்கிறார்கள். நூறாண்டுக்கு முந்தைய அந்தக் கட்டாயம் இன்று நம் முழங்காலைக் காக்கிறது. ரயில் ஊரைத் தேடிச் சென்றது என்பதால் பாதையும் ஊரைத் தேடிச் செல்கிறது. பூக்ஸி, சென்-ஜாங்கூ, கோர்மத்தான், தேசே என ஒவ்வொரு பழைய நிலையத்துக்கும் எதிரே ஓர் ஊர் நிற்கும். ஏற விரும்பும் நாளில் பிரான்சியோன் மேட்டுக்குப் போய், கோட்டையையும் ரோமனெஸ்க் என்ற இடைக்காலப் பாணியில் அமைந்த தேவாலயத்தையும் மரக்கூரைச் சந்தையையும் பார்க்கலாம். விரும்பாத நாளில் ஏறாமல் ஷப்பேஸ் வரை போய், 11-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் உயர்ந்த மணிக்கோபுரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வரலாம். தேர்வு நம் கையில் இருப்பதுதான் இந்த வழியின் பெரிய நன்மை.

910-இல் நிறுவிய குளூனி மடாலயம், ரோமின் புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயத்தைக் கொண்டிருந்தது. புரட்சிக்குப்பின் அதை விற்று, கல் கல்லாகப் பெயர்த்துவிட்டார்கள். இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கட்டடத்தின் உள்ளே நிற்கிறோம் என்று தெரியாமலே தெருவில் மிதித்துக்கொண்டிருப்போம், அவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது. குளூனிக்குத் தெற்கே புவா கிளேர் சுரங்கம், 1.6 கி.மீ. நீளம். கோடையிலும் உள்ளே குளிரும். மேற்சட்டை கைக்கெட்டும்படி இருக்க வேண்டும். வௌவால்களின் உறக்கத்தைக் கலைக்காதிருக்கக் குளிர்காலத்தில் அதை மூடிவிடுகிறார்கள், ஆகவே நவம்பர் முதல் மார்ச் வரையான பயணத்துக்கு இந்த வழி சரிப்படாது. சுரங்கத்துக்கு அப்பால் மாக்கோன். அங்கிருந்து சோன் ஆற்றங்கரையோடு தூர்னூ வழியாக ஷாலோனுக்கே திரும்பிவிடலாம். போனிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் சுமார் 200 கி.மீ.

குறைகளையும் மறைக்கக்கூடாது. லுவாரில் மிதிவண்டிக்காரரை வரவேற்பதற்கென்றே முத்திரை பெற்ற தங்குமிடங்கள் அடுத்தடுத்து உண்டு. அந்த முத்திரை இருந்தால் வண்டியைப் பூட்டிவைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் நிச்சயம். தென் பர்கண்டியில் அந்த அடர்த்தி இல்லை, மே, செப்டம்பர் வார இறுதிகளில் முன்பதிவின்றிப் போகக்கூடாது. குளூனியில் ரயில் நிலையமும் இயங்குவதில்லை. லுவாரில் புளுவா, ஆம்புவாஸ், தூர், சோமூர் எல்லாம் ஒரே ரயில்பாதையில் இருப்பதால் எந்த நாளையும் பாதியில் முடித்துக்கொள்ளலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், இதுவரை நெடும்பயணமே போகாதவர்களுக்கும் இந்த ஒன்றுக்காகவே லுவாரைச் சொல்வேன்.

சாப்பாடு நான்கு இடங்களுக்கும் பொதுவான சிக்கல். கிராமத்து உணவகங்கள் நண்பகல் 12 மணிக்குத் திறந்து 2 மணிக்கு அடுப்பை அணைத்துவிடும். ஞாயிறு மதியத்துக்குப்பின் கடைகள் இல்லை. திங்களன்று பல ரொட்டிக்கடைகளும் மூடியிருக்கும். ஒரு திங்கட்கிழமை இரண்டேகால் மணிக்கு ஓர் ஊரை அடைந்து, தேவாலயத்துக்கு எதிரே இருந்த குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த 18 கி.மீ. போன நாளிலிருந்து, பையில் ஒரு ரொட்டியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் இல்லாமல் நான் காலையில் புறப்படுவதில்லை. சைவ உணவுக்காரர்களுக்கு லுவாரும் தென் பர்கண்டியும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியின் நாடுகள் என்பதால் சற்று எளிது. மிடி கால்வாய்க் கரையிலுள்ள காஸ்தெல்னோதாரியின் காசுலே என்ற இறைச்சி சேர்த்த அவரைக் குழம்பும் தொர்தோஞ்சின் வாத்தும் அவர்களுக்கு உதவா. பாரிஸ் வழியாகப் போகிறவர்கள் லா ஷப்பேல் தமிழ்க்கடைகளில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் சிறு பொட்டலமாக வாங்கிக்கொள்வது நல்லது.

வண்டியை ரயிலில் ஏற்றுவதிலும் வேறுபாடு உண்டு. பிரித்து மடக்காத மிதிவண்டிக்கு அதிவேக ரயிலில் தனிக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும், இடங்களும் சில மட்டுமே. பாரிஸிலிருந்து திஜோன் வழியாக லியோனுக்கு ஓடும் வட்டார ரயில் போன், ஷாலோன், மாக்கோன் மூன்றிலும் நிற்பதால் பர்கண்டிக்கு அதிவேக ரயிலே தேவைப்படாது. துலூஸுக்கு வண்டியோடு போவதைவிட அங்கேயே வாடகைக்கு எடுப்பது மேல்.

பர்கண்டியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வழிக்குறிப்பு. போனிலிருந்து தெற்கு நோக்கியே தொடங்குங்கள். வடக்கிலிருந்து வீசும் பீஸ் காற்று அந்தப் பக்கத்தில் சில நாள்கள் தொடர்ந்து அடிக்கும். குன்றுகளுக்கு இடையே செல்லும் பசும்பாதையில் அது முதுகைத் தள்ளும், சோன் ஆற்றின் திறந்த கரையிலோ நெஞ்சில் மோதும். மாக்கோனை அடைந்த மாலையில் பாலத்தின்மேல் நின்று பாருங்கள். ஆற்றுநீர் வடக்கிலிருந்து அலையலையாகச் சுருண்டு வந்தால், கடைசி 60 கி.மீ.யை மிதித்துத் தீர்க்க வேண்டியதில்லை. ஷாலோனுக்குப் போகும் வட்டார ரயிலில் வண்டியை ஏற்றிக்கொண்டு, மிச்சமான நாளைத் தூர்னூவில் இறங்கிச் செலவிடுங்கள்.